பார்ப்பவன் கண்ணும் ஆடியவன் கண்ணும்

2025 டிசம்பர் 10 அன்று சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி நிறைவு பெற்றது. ஜெர்மனி கோப்பையைக் கொண்டு சென்றது. ஸ்பெயினுக்கு இரண்டாமிடம். இந்தியா அர்ஜென்டினாவை 4–2 என்று வென்று வெண்கலம் பெற்றது. மறுநாள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நம்மவரிடையே இரண்டே பேச்சுத்தான் கேட்டது. "தங்கம் போச்சே அண்ணாச்சி" என்பது ஒன்று. "வெண்கலமாவது வந்துதே" என்பது மற்றொன்று. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஓர் ஆட்டம் நடந்திருக்கிறது. அந்த ஆட்டத்தைப் பற்றி எவரும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பதே நம் கேள்வி.

மொழி உரிமை, பள்ளியில் தமிழ்ப் பிரிவு, சிறுபான்மையினர் சலுகை என்றெல்லாம் எழுதும் இந்த ஏட்டில் மட்டைக்கும் பந்துக்கும் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு. ஒரு காலத்தில் மட்டை பிடித்து முழங்கால் தேய்ந்த நாம், இன்று தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து நம் இளைஞர்களுக்கு ஆட்டத்தை விளக்கிச் சொல்லும் பணியைச் செய்து வருகிறோம். அந்தப் பதின்மூன்று நாளும் அதைத்தான் செய்தோம். அப்பணியில் நாம் கண்ட உண்மை இது: ஆட்டத்தைத் தாய்மொழியில் விளக்கிச் சொல்ல ஆள் இருக்கும் இடத்தில் பார்வையாளன் ஆட்டக்காரனாகிறான். ஆள் இல்லாத இடத்தில் அவன் வெறும் கைதட்டியாகவே இருந்துவிடுகிறான். கைதட்டிகளாக இருந்து நாம் கண்ட பயன் என்ன?

ஆடியவன் எதைக் காண்கிறான்?

காலிறுதியை எடுத்துக்கொள்வோம். பெல்ஜியத்துடன் 60 நிமிட ஆட்டம் 2–2 என்று முடிந்தது. ஷூட்-அவுட்டில் இந்தியா 4–3 என்று வென்றது. கோல் காப்பாளர் பிரின்ஸ்தீப் சிங்கை எல்லாரும் கொண்டாடினார்கள். தகும். ஆனால் ஷூட்-அவுட் என்பது என்ன? 23 மீட்டர்க் கோட்டிலிருந்து எதிரணியின் ஒருவன் பந்துடன் புறப்படுகிறான். அவனுக்கு 8 விநாடி. எதிரே காப்பாளர் ஒருவரே. பார்ப்பவன் கண் பந்தின் மேல் இருக்கிறது. ஆடியவன் கண்ணோ கடிகாரத்தின் மேலும் காப்பாளரின் கால்களின் மேலும் இருக்கிறது. காப்பாளர் ஒவ்வொரு முறையும் பந்தைத் தடுத்தாக வேண்டும் என்பதில்லை. எதிரியை நேர்க்கோட்டிலிருந்து ஓரத்துக்கு ஒதுக்கி, மூன்று நான்கு விநாடியைத் தின்றுவிட்டாலே பாதி வேலை முடிந்தது. முதலில் விழுந்த காப்பாளர் தோற்றார், நின்றவர் வென்றார். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மறுமுறை பார்க்கச் சொன்னால் பத்து வயதுப் பையனும் கண்டுகொள்கிறான்.

அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5 என்று தோல்வி. ஐந்து கோல் விழுந்தால் காப்பாளரைத் திட்டுவது ஊர் வழக்கம். ஆடியவன் அப்படித் திட்டமாட்டான். கோல் பெரும்பாலும் 'டி' வளையத்துக்குள் பிறப்பதில்லை. நடுக்களத்தில் பந்தைப் பறிகொடுத்த நொடியில் பிறக்கிறது. பந்து பறிபோனதும் யார் திரும்பி ஓடினான், யார் இடுப்பில் கை வைத்து நின்றான் என்று பார்த்தால் தோல்வியின் முகவரி கிடைத்துவிடும். தொலைக்காட்சிப் படக்கருவி பந்தின் பின்னாலேயே ஓடும். நின்றவனை அது காட்டாது. ஆடியவன் சொன்னால்தான் உண்டு.

வெண்கல ஆட்டத்தில் முக்கால் பங்கு நேரம் கழிந்தபோது அர்ஜென்டினா 2–0 என்று முன்னிலையில் இருந்தது. கடைசிக் கால் பகுதியில் அங்கித் பால், மன்மீத் சிங், ஷர்தா நந்த் திவாரி, அன்மோல் எக்கா என நால்வர் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். "அதிர்ஷ்டம்" என்றது கடைத்தெரு. அதிர்ஷ்டம் 15 நிமிடத்தில் நான்கு முறை வருமா? இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும் அணி தன்னையறியாமல் பின்னால் ஒதுங்கும். பின்னால் ஒதுங்கினால் எதிரி தன் வளையத்துக்கு நெருங்குவான். நெருக்கடியில் காலில் பந்து படும், மட்டை தவறும், பெனால்டி கார்னர் விழும். இந்தக் கணக்கை அறிந்த அணி கடைசி நொடிவரை மனம் தளராது. அறியாத அணி பத்து நிமிடம் இருக்கும்போதே தலை குனியும். இது வாழ்க்கைக்கும் பொருந்தும் பாடம் என்று உரை நிகழ்த்த நாம் விரும்பவில்லை. ஆட்டத்துக்குப் பொருந்துகிறது என்பதே போதும்.

இதற்கு முன் 2021 புவனேசுவரத்திலும் 2023 கோலாலம்பூரிலும் இந்திய இளையோர் நான்காமிடத்தோடு திரும்பினார்கள். 2016 இல் இலக்னோவில் கோப்பை வென்ற பிறகு இளையோர் பெற்ற முதல் பதக்கம் இந்த வெண்கலம். இந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

விளக்கம் இல்லாமையால் இழந்தது

1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என்று வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியில் தமிழ்நாட்டின் வி. ஜே. பிலிப்ஸ் இருந்தார். அடுத்த ஆண்டு, 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் அதே இந்தியா ஏழாமிடம்! ஓராண்டுக்குள் வீரர்கள் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா? "பொறுப்பற்றவர்கள்" என்று ஊர் ஏசியது. உண்மையில் மாறியது தரை. ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது அங்கேதான். புல்தரையில் மணிக்கட்டின் நுணுக்கத்துக்கு மதிப்பு. செயற்கைத் தரையில் பந்தின் விரைவுக்கும் ஓடும் நெஞ்சின் வலிவுக்கும் மதிப்பு. அந்தத் தரை பணக்கார நாடுகளில் ஊருக்கு ஊர் விரிக்கப்பட்டது. நம் பிள்ளைகள் கட்டாந்தரையில் பழகிவிட்டு வெளிநாட்டில் போய்த்தான் அதை மிதித்தார்கள். ஆக, அந்தத் தோல்விக்குள் ஒரு பொருளாதாரம் இருந்தது. இந்த ஒரு செய்தியை மக்கள் மொழியில் மக்களுக்கு எடுத்துரைத்திருந்தால், மக்கள் வீரர்களைத் திட்டுவதை விட்டு ஆட்சியாளர்களிடம் தரை கேட்டிருப்பார்கள். விளக்கம் அரசியலாவது இப்படித்தான்.

நம் நகரம் உருவாக்கிய காப்பாளர்

வெண்கலம் வென்ற இளையோர் அணிக்குப் பயிற்சியாளராக நின்றவர் பி. ஆர். ஸ்ரீஜேஷ். எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்து உழவர் குடும்பத்துப் பிள்ளை. ஓட்டம், நீளம் தாண்டல், கைப்பந்து என்று சுற்றிவிட்டு 12 வயதில் நம் திருவனந்தபுரத்து ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். "நீ கோல் காக்கப் பார்" என்று அங்கே ஒரு பயிற்சியாளர் சொன்னார். சொன்னவர் கண் ஆடியவன் கண்! மகனுக்குக் காப்பாளர் கவசங்கள் வாங்கத் தந்தை பசுவை விற்றார். அந்தப் பசுவின் விலை வீண் போகவில்லை. 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5–4 என்றும், 2024 பாரிசில் ஸ்பெயினை 2–1 என்றும் வென்று இந்தியா பெற்ற இரண்டு வெண்கலத்திலும் அவர் கோல் முன் நின்றார். பாரிசோடு ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 16 ஆம் எண் சட்டையை மூத்தோர் அணியில் இனி எவருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. அதே மாதத்தில் அவரை இளையோர் அணிக்குப் பயிற்சியாளராக்கியது.

ஆடி ஓய்ந்தவரை மாலை போட்டு மூலையில் உட்கார வைக்காமல் அவர் கண்ணையும் வாயையும் பயன்படுத்திக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. மறுபக்கச் சான்றும் இதே கேரள மண்ணில் உண்டு. கண்ணூர்க்காரர் மானுவல் பிரெடெரிக். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் கோல் காப்பாளர். முகக்கவசம் இல்லாத அந்தக் காலத்தில் நெற்றியைக் கொடுத்துப் பந்தைத் தடுத்தவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கேரளத்தவர். அவருக்குத் தியான்சந்த் விருது வந்து சேர்ந்தது 2019 இல், 47 ஆண்டு கழித்து! 2025 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் மறைந்தார். அவர் தலைக்குள் இருந்த ஆட்டம் எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்!

புலம்பெயர்ந்தவர் பிள்ளைகள்

"ஆட்டமெல்லாம் சொந்த ஊர்க்காரனுக்கு, பிழைக்க வந்தவனுக்கு எதற்கு?" என்று நம்மவரே கேட்கிறார்கள். தன்ராஜ் பிள்ளையை அவர்கள் மறந்துவிட்டார்கள். புனேயை அடுத்த கட்கியில், படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர். உடைந்த மட்டைகளைக் கட்டி வைத்து ஆடப் பழகியவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. 1998 இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா 32 ஆண்டுக்குப் பின் ஆசியத் தங்கம் வென்றது. வென்று திரும்பியதும் வீரர்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்காகக் குரல் கொடுத்தார். அடுத்த தொடரில் அவரும் வேறு அறுவரும் அணியில் இல்லை. "ஓய்வு அளித்தோம்" என்றார்கள். உழைப்பவன் கூலி கேட்டால் என்ன நடக்கும் என்பது ஆலையில் மட்டுமன்று, ஆடுகளத்திலும் ஒன்றே.

மலேசியாவைப் பாருங்கள். 1975 உலகக் கோப்பையில் நான்காமிடம் பெற்ற அந்நாட்டு அணிக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். பெயரே போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

கனடாவில் ஹாக்கி என்றாலே பனிக்கட்டித் தளத்தின் மேல் சறுக்கி ஆடும் ஹாக்கிதான். அங்கே கென் டிரைடன் என்று ஒரு கோல் காப்பாளர் இருந்தார். மாண்ட்ரீல் அணிக்கு ஆறு கோப்பை வென்று கொடுத்துவிட்டு 1979 இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே, 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் தொலைக்காட்சி வருணனையாளர் பக்கத்தில் அமர்ந்து ஆட்டத்தை விளக்கினார். சட்டம் பயின்ற அவர் பின்னர் நூல்கள் எழுதினார், நாடாளுமன்றம் சென்றார், 2004 இல் அமைச்சருமானார். 2025 செப்டம்பரில் மறைந்தார். ஆடியவன் விளக்குபவனாகி, விளக்குபவன் மக்கள் பணியாளனாவது வெறும் கற்பனை அன்று.

அந்தக் கனடாவிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. அது நம் சங்கத்தார் காதில் விழ வேண்டும். வயலிலும் மர ஆலையிலும் உழைக்கச் சென்ற பஞ்சாபியரின் பேரப்பிள்ளைகளுக்காக 2008 இல் பனிக்கள ஹாக்கி வருணனை பஞ்சாபி மொழியில் தொடங்கியது. பனியையே கண்டறியாத மொழியில் பனிக்கள ஆட்டம்! ஆங்கிலமே தெரியாத பாட்டி பேரனோடு அமர்ந்து ஆட்டம் பார்த்தாள். அந்த வருணனையாளர்களில் ஒருவரான ஹர்நாராயண் சிங் பின்னாளில் ஆங்கில வருணனைக்கும் அழைக்கப்பட்டார். தாய்மொழி அவரைச் சிறைப்படுத்தவில்லை; கதவைத் திறந்துவிட்டது.

இந்தியாவிலும் பனிக்கள ஹாக்கி உண்டு. லடாக்கில் உறைந்த குளங்களின் மேல் பழகிய பெண்கள், 2025 இல் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு வெண்கலம் கொணர்ந்தார்கள். ஆட்டம் ஆண்பிள்ளைக்கே என்று எண்ணும் நம் வீட்டார் இதைக் குறித்துக்கொள்க.

தமிழின் வாயை யார் வாங்கினார்கள்?

தமிழில் விளையாட்டைச் சொல்ல முடியாது என்று எவரும் கூற முடியாது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் தமிழிலே கிரிக்கெட்டை வருணித்தபோது கடைகளில் தராசு நின்றது. இன்று ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் போன்ற முன்னாள் வீரர்கள் தொலைக்காட்சியில் தமிழில் விளக்குகிறார்கள். கிரிக்கெட்டில் எந்தப் பந்து ஏன் திரும்பியது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிகிறதென்றால் காரணம் அதுதான். ஹாக்கிக்கு அந்த வாய்ப்பின் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் போதும்.

ஆனால் முன்னாள் வீரரின் வாய்க்கு வேறு வாடிக்கையாளர்களும் வந்தார்கள். பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டு நிறுவனங்கள் பல முன்னாள் வீரர்களை விளம்பரத்தில் நிறுத்தின. "உன் அறிவைப் பயன்படுத்து, பணம் வெல்" என்ற போதனை கடைப் பையன்களின் சம்பளத்தைத் தின்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அவற்றைத் தடை செய்தது. அதுவரை இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பிலேயே அத்தகைய ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஆட்டத்தை விளக்கும் அறிவு சூதுக்குத் துப்புக் கொடுப்பதற்காக அன்று. சட்டம் தடுத்தது சந்தையை. மனத்தில் ஊறிய ஆசையை நாம்தான் மாற்ற வேண்டும்.

திருவனந்தபுரத்தில் நாம் செய்ய வேண்டியவை

நம்முள் சிலர் பிழைப்புத் தேடி நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்தோம். சிலர் இங்கேயே பிறந்து வளர்ந்து, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலம் அமைந்தபோது இருந்த இடத்திலேயே சிறுபான்மையரானோம். மலையாள மக்களோடு நமக்குப் பகையில்லை. நம் பிள்ளைகள் மலையாளம் நன்கு அறிவார்கள், அறியவும் வேண்டும். மலையாளியான ஸ்ரீஜேஷ் பஞ்சாப், ஒடிசா, மணிப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தந்தாரே, அங்கே மொழி சுவராகவா நின்றது? ஆனால் ஆசை பிறக்கும் இடம் வீடு. வீட்டின் மொழி தமிழ். அங்கே விளக்கம் இல்லையென்றால் ஆசையும் இல்லை.

தமிழ் மண்ணில், சென்னையிலும் மதுரையிலும் நடந்த அந்த உலகக் கோப்பையில் இந்திய அணியின் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரை நாம் காணவில்லை. மலையாளப் பெயரும் காணவில்லை. எக்கா என்றும் குஜூர் என்றும் ஆதிவாசிப் பெயர்கள் இருந்தன. அவர்கள் காட்டையும் வறுமையையும் கடந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். நம்மால் சாலைத் தெருவைக் கடக்க முடியாதா? கோவில்பட்டியில் பழகிய கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் இந்திய மூத்தோர் அணியின் சட்டையை அணிந்தவர்கள்தாமே!

"வயிற்றுக்கே வழியில்லை, மட்டை எதற்கு?" என்பார்க்கு ஒரு சொல். இரயில்வேயிலும் காவல்துறையிலும் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பமே போடாமல் இருப்பதுதான் வறுமைக்கு வழி.

ஆகவே சங்கத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று. எந்தப் பெரிய போட்டி நடந்தாலும் சங்கக் கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் பார்க்கச் செய்வோம். நம்மிடையே மட்டை பிடித்தவர்கள் பலர் இன்று புளியும் மிளகாயும் நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள். முறை வைத்து ஆட்டத்துக்கு ஒருவராக அவர்கள் வந்து விளக்கட்டும். "பந்தைப் பார்க்காதே, நீ அந்த இடது பின்கள வீரனையே பார், அவன் எத்தனை முறை திரும்பி ஓடினான் என்று எழுது" என்று பிள்ளைக்கு ஒரு வீரனை ஒப்படைப்போம். ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

இரண்டு. 1969 ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. விடையும் தமிழில் வர வேண்டும். இந்த உரிமையைப் பெட்டியில் பூட்டி வைப்பானேன்? விளையாட்டுப் பள்ளிகளின் தேர்வு முகாம் அறிவிப்புகளைத் தமிழிலும் தருமாறு விளையாட்டுத் துறைக்குத் தமிழில் மடல் எழுதுவோம். ஒன்றுக்கு விடை வராவிட்டால் பத்து எழுதுவோம்.

மூன்று. சங்கத்தில் மட்டைக் கிடங்கு ஒன்று வேண்டும். நூலகத்தில் நூல் எடுப்பதுபோல் பிள்ளைகள் மட்டை எடுத்துச் சென்று திருப்பித் தரட்டும். காப்பாளர் கவசம் ஒரு தொகுதியேனும் வாங்குவோம். நம் வணிகப் பெருமக்கள் விழாப் பந்தலுக்குத் தரும் தொகையில் ஒரு பங்கு போதும். இனி ஒரு தந்தையும் இதற்காகப் பசுவை விற்கக் கூடாது.

நான்கு. பெண்பிள்ளைகளுக்கு இவை அனைத்திலும் சரிபாதி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் பிள்ளைகளுக்குக் கூடமே காட்டாமல் ஆடத் தெரியாதவர்கள் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. அடுத்த உலகப் போட்டி எங்கு நடப்பினும், அதன் மறுநாள் சாலைக் கடைத்தெருவில் "வென்றதா, தோற்றதா" என்ற கேள்வியோடு "ஏன்" என்ற கேள்வியும் எழட்டும். கேட்பது பத்து வயதுப் பிள்ளையாக இருக்கட்டும். அதற்குத் தமிழில் விடை சொல்ல, ஆடிய நாம் அணியமாயிருக்கிறோம். சங்கம் கூடத்தைத் திறந்து வைக்கட்டும்!